கச்சான் காற்றுக்கு உரியவர் யார்? நெல்லைச் சீமைக் காற்றாலைகளின் வரலாறு

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வரலாறு என்றால் அது நீரின் வரலாறு என்றே நாம் கற்று வந்திருக்கிறோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலுக்கு அருகில் கடலில் கலக்கும் அந்தச் சிறிய ஆற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியாகச் சொன்ன திருவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது. ஏனையவை அதற்கு முந்தியவை. எந்தக் கால்வாய்க்கு எப்போது மடை திறப்பது, காருக்கு எவ்வளவு, பிசானத்துக்கு எவ்வளவு, மேல்மடைக்காரர் கடைமடைக்காரருக்கு எதைத் தடுக்கக் கூடாது என்பனவெல்லாம் இங்கே தலைமுறை தலைமுறையாக வழக்காறுகளாக வளர்ந்தன. சில வேளைகளில் வழக்குகளாகவும் வளர்ந்தன. 1940களில் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் எழுந்தபோதும் இந்த ஒழுங்கு குலையவில்லை. சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் மீண்டும் ஆற்றுக்கே வந்து வயலுக்குப் போயிற்று.

அதே மலைத்தொடரின் மேற்குப் புறத்திலிருந்து இன்னோர் ஓட்டமும் கிழக்கு நோக்கி இறங்குகிறது. அது காற்று. வைகாசி பிறந்ததும் தொடங்கி புரட்டாசி வரை நீளும் இந்த மேல்காற்றைக் கடற்கரை மக்கள் கச்சான் என்பர். பழந்தமிழ் மரபு திசைக்கொரு பெயர் வைத்திருந்தது: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை. பெயர் இருந்ததே தவிர, நீருக்கு இருந்ததுபோல் பங்கீட்டு முறை எதுவும் காற்றுக்கு இருந்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்புதான் அத்தேவை முளைத்தது. காற்று விலைபோகும் பொருளாக மாறிய அக்கதையையும், அதனால் எழுந்த உரிமைச் சிக்கலையும் இக்கட்டுரை பேச விழைகிறது.

கணவாய்கள்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. ஈரத்தைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக மலை தாண்டுகிறது. மலை உயர்ந்து நிற்கும் இடங்களில் தடைபடும் அந்த ஓட்டம், இடைவெளி கிடைத்த இடத்தில் நெருங்கிப் புகுந்து விரைவு பெறுகிறது. தமிழகத்தில் அத்தகைய வாயில்களில் பெரியது பாலக்காட்டுக் கணவாய். நெல்லைச் சீமைக்கு வாய்த்தவை இரண்டு. வடக்கே செங்கோட்டைக் கணவாய். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். முன்னதன் வழியே வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டுச் சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் வழியாகக் கயத்தாற்றுக் கரிசல் வரை செல்கிறது. பின்னதன் வழியே வருவது முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, வடக்கன்குளம், இராதாபுரம் வட்டாரங்களில் வீசுகிறது. இவ்விரு வாயில்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி எல்லைக்குள் இருந்தவை என்பதும், மொழிவாரி மாநில அமைப்பின்போதே தமிழகத்துக்கு வந்தவை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. எல்லைக்காவலும் சுங்கமும் மட்டுமே அறிந்திருந்த இடங்கள் அவை.

கச்சானை உழவர்கள் பெரிதும் விரும்பியதில்லை. மழை தராத காற்று. மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் காற்று. சாத்தான்குளம், திசையன்விளை பக்கங்களில் விரிந்து கிடக்கும் செந்நிறத் தேரி மணல்மேடுகள் இக்காற்று குவித்தவையே. நெல்தூற்றும் களத்தில் மட்டும் அதற்கு வரவேற்பு இருந்தது. ஆதலால் களம் எப்போதும் காற்றுக்குத் திறந்த மேட்டிலேயே அமைந்தது. களத்தைப் பற்றிய இந்தச் சிறு செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

கடலோடிகளின் கணக்கு வேறு. தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்த குதிரை வாணிகத்தை விரித்துரைக்கிறார். அக்கப்பல்கள் அனைத்தும் பருவத்தை நம்பி ஓடியவை. பருவம் என்பதற்கான மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றின் பெயராயிற்று. ஆனால் காற்று உச்சத்தில் இருக்கும் ஆனி, ஆடியில் மேற்குக் கரைத் துறைகளுக்கு மாலுமிகள் செல்வதில்லை. காற்று பிறக்கும்போதும் தணியும்போதுமே பாய் விரித்தனர். மிகுந்த காற்றைப் பயன்படுத்த முடியாது, விலகி நிற்கத்தான் முடியும் என்ற அந்த அறிவு, பின்னர் நாம் காணப்போகும் இயந்திரத்துக்குள்ளும் இருக்கிறது.

ஸிஜிஸ்தானின் ஆலைகள்

காற்றைக் கொண்டு கல்லைச் சுழற்றிய முதல் நிலம் என வரலாறு உறுதியாகக் காட்டுவது, இன்று ஈரானும் ஆப்கானிஸ்தானும் பகிர்ந்துகொண்டிருக்கும் ஸிஜிஸ்தான் பகுதியை. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் (கி.பி. 10) வாழ்ந்த புவியியல் அறிஞர் இஸ்தக்ரீயும், அதே காலத்தவரான மஸ்ஊதீயும் அந்நாட்டைக் காற்றும் மணலும் மிகுந்த நாடு என்று சொல்லி, அங்கே காற்றால் ஓடும் ஆலைகள் மாவரைப்பதைப் பதிவு செய்திருக்கின்றனர். ஹிஜ்ரி 727இல் (கி.பி. 1327) மறைந்த ஷம்ஸுத்தீன் திமஷ்கீ அதன் அமைப்பையே விளக்குகிறார். இரண்டு அடுக்குக் கட்டடம். மேலடுக்கில் திரிகைக் கல். கீழடுக்கில் துணி போர்த்திய கைகளையுடைய சக்கரம், செங்குத்தான அச்சில் நிற்கிறது. சுவரில் உள்ள திறப்புகள் வெளிப்புறம் அகன்றும் உட்புறம் குறுகியும் இருக்கும். அகன்ற வாயில் நுழையும் காற்று குறுகிய வாயில் விரைவு பெற்றுச் சக்கரத்தைத் தள்ளும். மலைக்கணவாய் இயற்கையாகச் செய்வதை அவர்கள் மண்சுவரால் செய்தனர்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களைக் கொலை செய்த அபூ லுஃலுஆ என்ற பாரசீகக் கைவினைஞன் காற்றாலை கட்ட வல்லவன் எனக் கேள்விப்பட்டு, கலீஃபா அதுபற்றி அவனிடம் வினவியதாகத் தபரீ முதலானோர் ஓர் அறிவிப்பைத் தருகின்றனர். இதைக் கொண்டு ஹிஜ்ரி 23க்கு (கி.பி. 644) முன்பே காற்றாலை இருந்தது என்று எழுதுவோர் பலர். நிகழ்ச்சிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து எழுதப்பட்ட நூல்களில் உள்ள செய்தி அது. அந்நூல்கள் எழுதப்பட்ட காலத்து மக்களுக்குக் காற்றாலை தெரிந்திருந்தது என்பதற்கு அது வலுவான சான்று. முதல் நூற்றாண்டுக்கு அவ்வளவு வலுவான சான்றன்று. நம் முன்னோர் பெருமையைப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் காப்பது நல்லது. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய காற்றாலை, அச்சைக் கிடையாக வைத்தது. ஸிஜிஸ்தானிலிருந்து அது சென்றதா, தனியே பிறந்ததா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை.

நமக்கு முக்கியமானது வேறு. ஸிஜிஸ்தானில் கோடையில் வீசும் அந்த வடகாற்றுக்கு 'நூற்றிருபது நாள் காற்று' என்பது பெயர். ஏறத்தாழ நம் கச்சானின் மாதங்களே அதற்கும். சிந்து, பலூசிஸ்தான் பக்கத்தில் கோடையில் உருவாகும் வெப்பத் தாழ்வழுத்தத்தோடு இரண்டு காற்றுகளும் தொடர்புடையவை. ஒரே திசையில் மாதக்கணக்கில் வீசும் காற்று என்பதால்தான் அசையாத சுவருக்குள் அவர்கள் ஆலையை வைக்க முடிந்தது. திசை மாறாத காற்று என்ற அந்தப் பேறு ஆரல்வாய்மொழிக்கும் உண்டு.

பொறியின் உள்ளே

ஸிஜிஸ்தான் ஆலையில் காற்று துணியைத் தள்ளியது. தள்ளப்படும் பொருள் தள்ளும் காற்றைவிட வேகமாக ஓட முடியாது. ஆகையால் ஆற்றல் குறைவு. இன்றைய காற்றாலையின் இறக்கை பறவையின் சிறகைப்போல வளைந்த வெட்டுமுகம் கொண்டது. காற்று அதன் இருபுறமும் வெவ்வேறு வேகத்தில் வழிந்தோடும்போது எழும் தூக்குவிசையே அதைச் சுழற்றுகிறது. இறக்கையின் நுனி காற்றைவிடப் பல மடங்கு விரைவாகச் செல்கிறது. தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு மெதுவாகச் சுற்றுவதுபோல் தோன்றினாலும், பெரிய இயந்திரங்களில் நுனியின் வேகம் நொடிக்கு 60 முதல் 80 மீட்டர் இருக்கும்.

இரண்டு கணக்குகளை மனத்தில் கொண்டால் இவ்வியந்திரத்தின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும். காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்: வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேலாகும். ஆகவே இடத்தேர்வே எல்லாம். அடுத்து, இறக்கைகள் வளைக்கும் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஆகவே விட்டத்தைக் கூட்டுவதே இலாபம். இவ்வளவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சக்கரமும் எடுக்க இயலாது என்று ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் முதல் உலகப் போரை அடுத்து நிறுவினார். முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று சக்கரத்தின் பின்னால் நின்றுவிடும். நின்ற காற்று வரும் காற்றுக்கு வழிவிடாது.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சிகள் 1880களிலேயே ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் தொடங்கின. நிலைத்த மரபாக வளர்ந்தது டென்மார்க்கில். 1891 முதல் ஆஸ்கோவ் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர் பௌல் லா கூர் சோதனைகள் நடத்தினார். 1957இல் யோஹன்னஸ் யூல் கெட்ஸர் என்ற இடத்தில் 24 மீட்டர் விட்டமும் 200 கிலோவாட் திறனும் கொண்ட ஆலையை நிறுவினார். மூன்று இறக்கைகள், மின்வலையோடு நேரே இணையும் தூண்டல் வகை மின்னாக்கி, காற்று மிகுந்தால் இறக்கையின் வடிவமே விசையை இழக்கச் செய்யும் தற்காப்பு: எளிய இவ்வமைப்பு பத்தாண்டு பெரும் பழுதின்றி ஓடியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் டென்மார்க்கின் சிறு தொழிற்கூடங்கள் அதையே முன்மாதிரியாகக் கொண்டன. நெல்லைச் சீமைக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்தத் தச்சில் வார்த்த இயந்திரமே.

அளந்தவர்கள், நட்டவர்கள்

இயந்திரம் வருமுன் அளவு வரவேண்டும். இந்தியக் காற்றை அளந்த பெருமை பெரும்பாலும் ஒரு பெண்மணியைச் சாரும். பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மாணி, இந்திய வானிலை ஆய்வுத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின்னரே நாட்டின் காற்று விவரங்களைத் தொகுத்து 1983இல் மூலேயுடன் இணைந்து நூலாக்கினார்; பின்னர் பல நூறு இடங்களில் கம்பம் நட்டு அளந்த கணக்கெடுப்பின் தொகுதிகள் அவர் மேற்பார்வையில் வெளிவந்தன. 2001இல் அவர் மறைந்தபோது அதை அறிந்த தமிழர் மிகச் சிலரே. முப்பந்தலில் முதலீடு செய்தோர் அனைவரும் அவருடைய எண்களின்மேல் நின்றுதான் கணக்குப் போட்டனர்.

தமிழ்நாடு மின்வாரியம் 1986இல் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள முள்ளக்காட்டில் முதல் காற்றாலைப் பண்ணையை அமைத்தது. 55 கிலோவாட் அளவிலான சிறு இயந்திரங்கள். அவ்வகையின் விட்டம் ஏறத்தாழ 15 மீட்டர். அடுத்துக் கயத்தாறு, முப்பந்தல், புளியங்குளம், கொங்குநாட்டுக் கேத்தனூர் ஆகிய இடங்களில் தொடர்ந்தது. 1993 வரை வாரியம் நட்டவை 120 இயந்திரங்கள், மொத்தத் திறன் 19.355 மெகாவாட். டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடா கயத்தாற்றுக்கும் முப்பந்தலுக்கும் துணைநின்றது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே நாடறிந்த கயத்தாற்றில், புதிய காற்றாலைகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நிலையமும் பின்னர் அமைந்தது. 1998இல் சென்னையில் நிறுவப்பட்டு இன்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் எனப் பெயர் பெற்றிருக்கும் அமைப்பின் கீழ் அது இயங்குகிறது.

மின்வாரியத்தின் நோக்கம் காட்டிக்கொடுப்பது. காற்று உண்டு, இயந்திரம் ஓடும், மின்சாரம் வலைக்குள் போகும் என்று காட்டியதும் 1990 முதல் தனியார் வந்தனர். வந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் விற்போர் அல்லர், மின்சாரம் வாங்கிச் சலித்த நூற்பாலைக்காரர்கள். இங்கே காற்றாலை வைத்து, அதன் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலையில் எடுத்துக்கொள்ளலாம். காற்று வீசும் மாதங்களில் மிஞ்சியதை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லா மாதங்களில் திரும்பப் பெறலாம். நெல்லைக் காற்று கொங்குநாட்டுக் கதிரைச் சுற்றியது இவ்வாறுதான். காற்றாலை என்ற சொல்லில் உள்ள ஆலை அரைப்பதையும் பிழிவதையும் குறித்தது. இங்கே அது எதையும் அரைக்கவில்லை, முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த பஞ்சை நூற்றது.

நிறுவும் பணியும் வரி நாட்காட்டியும்

ஒரு காற்றாலையை நிறுவுவது எவ்வாறு? முதலில் உயர்ந்த கம்பத்தில் கருவிகளைப் பொருத்திக் குறைந்தது ஓராண்டேனும் காற்றின் வேகத்தையும் திசையையும் பதிய வேண்டும். இடம் உறுதியானதும் அடித்தளம். பெரிய இயந்திரம் ஒன்றுக்குப் பதினைந்து இருபது மீட்டர் அகலத்தில் குழி தோண்டி, கம்பிக்கூட்டை இறக்கி, நூற்றுக்கணக்கான கனமீட்டர் காங்கிரீட்டை இடைவிடாமல் ஊற்ற வேண்டும். ஊற்று நடுவில் நின்றால் இரண்டு அடுக்குகளுக்கிடையே விரிசல் ஓடும். கோபுரத்தின் எடையைத் தாங்குவது பெரிதன்று. காற்று கோபுரத்தைச் சாய்க்க முயலும் விசையைத் தாங்குவதே அதன் வேலை. கட்டு இறுகியபின் உருளைக் கோபுரத்தின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி மறையாணியால் பிணைக்கப்படுகின்றன. அதன்மேல் நாசெல் எனப்படும் பொறிக்கூண்டு. பல்சக்கரப் பெட்டி, மின்னாக்கி, கூண்டைக் காற்றின் திசைக்குத் திருப்பும் பொறி, தடை ஆகியன அதற்குள். நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை சுற்றும் அச்சின் வேகத்தைப் பல்சக்கரங்கள் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு சுற்றாக்கி மின்னாக்கிக்குக் கொடுக்கும். பல்சக்கரமே இல்லாத வகையும் உண்டு. கடைசியாக ஏறுபவை இறக்கைகள். கண்ணாடியிழையை அச்சில் பரப்பிப் பிசின் ஏற்றி இறுகச் செய்து, இரண்டு ஓடுகளாக வார்த்து ஒட்டப்படுபவை அவை.

காற்று நொடிக்கு மூன்று நான்கு மீட்டரைத் தொட்டால் ஆலை மின்சாரம் தரத் தொடங்கும். இருபத்தைந்தைத் தாண்டினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆனிமாதக் கடலுக்கு அஞ்சிய மாலுமியின் விவேகம் அங்கே மென்பொருளாக அமர்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், காற்று மிகுந்த இடம் என்பதற்காகத் தேர்ந்த இடத்தில் காற்று இல்லாத மாதத்தில்தான் ஆலையை ஏற்ற முடியும். நொடிக்கு எட்டுப் பத்து மீட்டர் வேகத்துக்கு மேல் காற்றடிக்கும்போது கிரேனில் இறக்கையைத் தூக்குவது உயிருக்கு உலை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓயும், ஆனால் மழை பிடிக்கும். கயத்தாற்றுக் கரிசலில் நூற்றுக்கணக்கான டன் கிரேன் அச்சுவரை புதையும். தை முதல் சித்திரை வரையே பொறியாளரின் பருவம்.

வருமானவரித் துறையின் பருவம் அதற்கு ஒத்துவரவில்லை. 1990களில் காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்கு அதில் பாதிதான். எனவே செப்டம்பர் முடிவதற்குள் ஆலை ஓடியாக வேண்டும். தவறினால் மார்ச்சு முடிவதற்குள்ளாவது. சலுகை கிடைப்பது நட்டதற்கு. எத்தனை யூனிட் விளைந்தது என்று சட்டம் கேட்கவில்லை. விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. ஓராண்டு அளந்து இடம் பார்க்கவேண்டிய வேலை சில வாரங்களில் முடிந்தது. உயர்ந்த கோபுரமும் நீண்ட இறக்கையும் தேடவேண்டியவர்கள் கைக்குக் கிடைத்த 200, 250 கிலோவாட் இயந்திரத்தை நட்டுவிட்டுப் போயினர். ஊர்ப்புற மின்கம்பிகளோ இத்தனை மின்சாரத்தைச் சுமக்கக் கட்டப்பட்டவை அல்ல. தூண்டல் மின்னாக்கி தான் தரும் மின்சாரத்துக்கு ஈடாக வலையிலிருந்து எதிர்வினைத் திறனை இழுப்பது. ஒரே கம்பியில் பல ஆலைகள் அவ்வாறு இழுத்தபோது மின்னழுத்தம் சரிந்தது. நல்ல காற்றில் நின்றுபோன ஆலைகள் அந்நாளில் புதுமையல்ல.

1996இல் குறைந்தபட்ச மாற்றுவரி வந்ததும் முதல் அலை தணிந்தது. 2000களில் மீண்டும் எழுந்தது. சலுகை 80 விழுக்காடாகக் குறைந்திருந்தும், இயந்திரங்கள் 1,250 கிலோவாட், 1,650, 2,100 என வளர்ந்தமையால் கணக்கு கட்டியது. 2012 மார்ச்சில் தமிழகத்தின் காற்றாலைத் திறன் 7,000 மெகாவாட்டை நெருங்கியிருந்தது. அடுத்த மாதமே சலுகை விலக்கப்பட, புதிய ஆலைகள் வெகுவாகக் குறைந்தன. 2014இல் திரும்பி வந்தது, 2017 முதல் 40 விழுக்காடு. 2025 மார்ச்சு இறுதியில் திறன் 11,700 மெகாவாட்டைக் கடந்திருந்தாலும், நெடுங்காலம் நாட்டில் முதலிடம் வகித்த தமிழகம் குஜராத்துக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. வரியின் காற்று எப்போது அடித்தது, எப்போது ஓய்ந்தது என்பதை இந்த ஏற்ற இறக்கத்தில் அப்படியே படிக்கலாம். அந்த வரிச்சலுகை இல்லாதிருந்தால் இத்தொழிலே இங்கு வேரூன்றியிராது என்பதும் நியாயமான வாதமே. ஆனால் சிறந்த காற்று உள்ள நிலத்தில் சிறிய ஆலைகளை நெருக்கி நட்ட பழியும் அதற்கே உரியது.

பக்கத்து நிலத்துக் காற்று

ஓர் ஆலையின் பின்னால் செல்லும் காற்று வேகம் குறைந்து கலங்கிப்போகும். அது மீண்டும் சீராக நெடுந்தொலைவு வேண்டும். முன்னால் நிற்பவன் எடுத்தது போகப் பின்னால் நிற்பவனுக்கு மிச்சம். மேல்மடை, கடைமடைச் சிக்கல் இங்கே காற்றில் திரும்பப் பிறக்கிறது. இதற்காகத் தமிழ்நாட்டில் ஒரு தூர அளவு கைக்கொள்ளப்பட்டது: காற்றின் போக்கில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் ஏழு மடங்கு, குறுக்கே ஐந்து மடங்கு. பொறியியல் விதிதான் அது. உரிமை பற்றிய கேள்விக்கு அதனிடம் விடையில்லை.

சட்டத்தின் விடை கடுமையானது. இங்கிலாந்தில் 1829இல் கட்டப்பட்டு முப்பது ஆண்டு ஓடிய ஒரு காற்றாலைக்கு அருகில் பள்ளிக்கூடம் ஒன்று எழுந்து காற்றை மறைத்தது. ஆலைக்காரர் தொடுத்த வெப் எதிர் பேர்டு வழக்கில், திறந்த வெளியில் வரும் காற்றை நெடுநாள் பயன்படுத்தியதால் மட்டும் அதன்மேல் உரிமை பிறக்காது என்று 1861இலும், மேல்முறையீட்டில் 1862இலும் தீர்ப்பாயிற்று. இருபது ஆண்டுகள் கழித்துச் சென்னை மாகாணத்துக்கும் சேர்த்து இயற்றப்பட்ட 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம், கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அனுபவத்தால் உரிமை உண்டாகலாம் என்றது. திறந்த நிலத்துக்கு வரும் காற்றுக்கு உண்டாகாது என்று 17ஆம் பிரிவில் தெளிவாக விலக்கியது. வீட்டுச் சாளரத்துக்கு உள்ள உரிமை வயலுக்கு இல்லை.

இதே கேள்வியை ஃபிக்ஹ் நூல்கள் அணுகிய விதம் ஒப்பிடத்தக்கது. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மாலிகீ அறிஞர் கலீல் இப்னு இஸ்ஹாக்கின் முக்தஸர், அண்டை வீட்டாரின் உரிமைகளை எண்ணும் இடத்தில், பக்கத்தவரின் வெளிச்சத்தையும் வெயிலையும் காற்றையும் மறைக்கும் கட்டடத்தைப் பொதுவாகத் தடுப்பதில்லை என்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு: நெற்களம் போன்ற போரடிக்கும் களத்துக்கு வரும் காற்றை மறைத்தல் கூடாது. முந்தைய மாலிகீ அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடும் இருந்தது. நம் பகுதியில் ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்களே ஓதப்படுவதால் இவ்வரி நம்மவர் கண்ணில் அதிகம் பட்டிராது. இதிலுள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. காற்று வீட்டுக்கு இன்பம். களத்துக்கு அதுவே தொழில். காற்று நின்றால் களம் களமாக இராது. ஆங்கிலச் சட்டம் நிலம் திறந்ததா கட்டடமா என்று பார்த்தது. கலீல் அந்த நிலத்தின் பயன் எதை நம்பியிருக்கிறது என்று பார்த்தார். அவ்வளவுகோலை ஏற்றால் காற்றாலை சாளரத்தின் பக்கமன்று, களத்தின் பக்கமே சேரும் என்பது எம் கருத்து. நீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழியையும் அறிஞர்கள் நினைவூட்டலாம். காற்று அப்பட்டியலில் பெயர் சுட்டப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைவூட்ட வேண்டும்.

இது ஏட்டுக் கேள்வி அன்று. முப்பந்தலிலும் இராதாபுரம் வட்டாரத்திலும் 1990களில் நட்ட சிற்றாலைகள், அவற்றின் வடிவமைப்புக்கு வகுத்த இருபது ஆண்டு ஆயுளைக் கடந்தும் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றை நீக்கிப் பேராலைகளை வைப்பதற்கென்றும், பழையவற்றைப் புதுப்பிப்பதற்கென்றும் 2024இல் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. இன்று இந்தியாவில் கிடைக்கும் பேராலைகளில் ஒன்றின் விட்டம் 144 மீட்டர். கோபுரம் 140 மீட்டருக்குக் குறையாது. திறன் 3 மெகாவாட்டுக்கு மேல். முள்ளக்காட்டுச் சிற்றாலையோடு ஒப்பிட்டால் அது வளைக்கும் பரப்பு 92 மடங்கு. எழுபது மீட்டருக்கும் நீண்ட இத்தகைய இறக்கைகள் பழைய காயலுக்கு அருகிலுள்ள தூத்துக்குடித் துறைமுகத்தில் இப்போது கப்பலேறுகின்றன.

ஐந்துக்கு ஏழு என்ற பழைய அளவை வைத்துக் கணக்கிடுவோம். 30 மீட்டர் விட்டமுள்ள சிற்றாலைக்கு 150 மீட்டருக்கு 210 மீட்டர் இடம் போதும். ஏறத்தாழ எட்டு ஏக்கர். 144 மீட்டர் ஆலைக்கு 720 மீட்டருக்கு 1,008 மீட்டர். ஏறத்தாழ 180 ஏக்கர். அதாவது ஒன்று வர, இருபத்து மூன்று போக வேண்டும். அந்த இருபத்து மூன்றும் ஒருவருடையவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்திரம், தனிச் சர்வே எண், தனி மின் ஒப்பந்தம், பல ஊர்களில் பல உடைமையாளர். ஒருவர் இசையாவிட்டாலும் பேராலையின் காற்றுவழியில் ஒரு சிற்றாலை நிற்கும்; இசையாதவரின் ஆலைக்கு முன்னால் பேராலை எழுந்தால் அவருடைய காற்று போய்விடும். அனுபவத்தால் வந்த உரிமை என்று அவர் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையை நாட இயலாது. புன்செய் மலிவாகக் கிடந்த நாளில் தம் ஏக்கர்களைத் தரகர் வழியே விற்றுவிட்ட பணகுடி, பழவூர்ப் பக்கத்து உழவர்கள் இந்தப் பேச்சில் எங்கும் இல்லை. அவர்கள் விற்றது நிலத்தை. அதன்மேல் சென்ற காற்றுக்கு அன்று யாரும் விலை சொல்லவில்லை. கன்னடியன் கால்வாயின் கடைசி மடைக்குத் தண்ணீர் வராவிட்டால் எந்த அலுவலகத்தின் முன் நிற்பது என்று அதன் பாசனக்காரர்களுக்குத் தெரியும். அத்தகைய ஓர் அலுவலகம் காற்றுக்கு இன்றுவரை திறக்கப்படவில்லை.